பைக்கு மரியாதை உண்டு. பை தைத்த கைக்கு?

தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஒரு மாலை நேரம். பெரிய கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், ஒரு தோல் பை தொங்குகிறது. பக்கத்தில் இடுப்பில் கட்டும் வார் ஒன்று. இரண்டிலும் மினுமினுப்பு இல்லை. பழுத்த புளியின் நிறம். தடித்த நூலால் கையால் போட்ட தையல் வெளியே தெரிகிறது. பழைய தபால்காரரின் பையைப் போலப் பையும், குதிரைச் சேணத்தின் வாரைப் போல வாரும் செய்திருக்கிறார்கள். கூட ஒரு சீட்டு தொங்குகிறது. பாரம்பரிய முறையில் முழுவதும் கையால் செய்யப்பட்டது என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அதன் கீழே விலை. ஒரு விவசாயத் தொழிலாளி பல நாள் நாற்று நட்டால்தான் அந்தத் தொகையை மொத்தமாகக் கண்ணால் பார்க்க முடியும்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனியின் பெயர் இருக்கிறது. தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்ற விவரம் இருக்கிறது. பையை எப்படித் துடைத்து வைக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. தைத்தவரின் பெயர் மட்டும் இல்லை. கைவேலை, கைவேலை என்று திரும்பத் திரும்ப எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கை யாருடைய கை என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

இது சீட்டில் நேர்ந்த மறதி அல்ல. பல தலைமுறைகளாக நடந்து வருகிற ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் நமக்கும் சம்பந்தம் உண்டு. "பணக்காரர் வாங்கும் பையைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் என்ன பேச்சு?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். பதில் சொல்கிறேன்.

நாம் அறிந்த பை, நாம் அறிந்த வார்

கிராமத்தில் வயது முதிர்ந்தவர்களைக் கேளுங்கள். கமலை இறைத்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும். வடம் இழுபடும். ஆழக் கிணற்றிலிருந்து சால் மேலே வரும். சாலின் அடியில் தொங்கும் தோல் வால், தும்பி என்று சொல்வார்களே அது, வாய் திறந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். சால் இரும்பாக மாறியது பிற்காலத்தில். அதற்கு முன்னால் சாலும் தோல், வாலும் தோல். கோவை, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் புன்செய்க் காட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது இந்தத் தோல் பைதான்.

அந்தத் தையலை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையிலிருந்து பொழுது ஏறும்வரை தண்ணீரில் முங்கி எழ வேண்டும். கிணற்றுச் சுவரில் உரச வேண்டும். வெயிலில் காய வேண்டும். மறுநாள் மீண்டும் நனைய வேண்டும். ஒரு தையல் விட்டால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகும். மாட்டின் உழைப்பும் மனிதனின் உழைப்பும் வீண். கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் எந்தப் பைக்கும் இவ்வளவு கடுமையான பரீட்சை கிடையாது.

இனி ஆலைப் பக்கம் வருவோம். ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனித்தனி மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் ஆலை எப்படி ஓடியது? கூரையை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு சுழலும். அந்தத் தண்டிலிருந்து கீழே உள்ள யந்திரங்களுக்குத் தோல் வார்கள் இறங்கும். வார் ஓடினால் யந்திரம் ஓடும். வார் அறுந்தால் யந்திரம் நிற்கும். ஓடுகிற வாரில் வேட்டி சிக்கியவன் கதி என்ன என்பது பழைய தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியும். நூற்கும் யந்திரத்தின் உருளைக்கு ஆட்டுத் தோல் உறை. தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கருக்கு எருமைத் தோல். பஞ்சாலை என்று பெயர்; ஆனால் தோல் இல்லாமல் ஒரு முழத் துணி வெளியே வந்ததில்லை.

கொல்லன் பட்டறையில் துருத்தி, உழவு மாட்டுக்கு வார், காவல்காரன் காலுக்குச் செருப்பு, கோயில் வாசலில் முரசு. எல்லாம் தோல். புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையைச் சொல்லும்போது தோல் தைப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறது சிலப்பதிகாரம். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் கருவி செய்து கொடுத்தவன் தோல் தைத்தவன். இதுதான் உண்மையான பாரம்பரியத் தோல் பை. இதுதான் உண்மையான பாரம்பரிய வார். கடையில் விற்பது அதன் பேரப் பிள்ளை.

குளக்கரையில் ஒரு பெரியவர்

மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய தெருவில், நடைபாதை ஓரமாக, குடை ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். என் பையின் வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன்.

"சொந்த ஊர் எது பெரியவரே?"

"சேலத்துப் பக்கம் சார். இங்க வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"தொழில் பரம்பரையா?"

"எங்கப்பா கமலைக்குத் தும்பி தைப்பாரு. சுத்துப்பட்டுல பத்துக் கிணறு அவரு கையிலதான். காசு கிடையாது சார். களத்துல தானியம் அடிக்கிறப்போ ஒரு பங்கு குடுப்பாங்க. மாடு செத்தா அந்தத் தோலு எங்களுக்கு. அவ்வளவுதான் கூலி. கிணத்துல தண்ணி மொள்ளத் தும்பி தைச்சுக் குடுத்தோம். ஆனா அந்தக் கிணத்துல நாங்க தண்ணி சேந்தக் கூடாது."

இதைச் சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை. குத்தூசி நிற்கவில்லை.

"பொறவு மோட்டார் வந்துது. தும்பி போச்சு. களத்துப் பங்கும் போச்சு. நான் ரயில் ஏறிட்டேன்."

கடையில் பார்த்த பையின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தையலை மட்டும் பார்த்தார். "ரெண்டு ஊசித் தையல்தானே இது? எங்கப்பா போட்டது இதைத்தான்" என்றார். விலையைச் சொன்னேன். சிரித்துவிட்டு என் பையைக் கையில் கொடுத்தார். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஊசித் தையல் என்றால் என்ன? மெழுகு தடவிய ஒரே நூல். அதன் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் போட்ட துளை ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி இந்தப் பக்கமிருந்தும் மற்றது அந்தப் பக்கமிருந்தும் நுழைந்து வர வேண்டும். நேரம் பிடிக்கும், விரல் காய்த்துப் போகும். ஆனால் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றக் கண்ணிகள் பிரியாது. யந்திரத் தையல் ஒரு இடத்தில் விட்டால் சரசரவென்று பிரிந்துகொண்டே போகும். பணக்காரர் காசு கொடுத்து வாங்குவது இந்த உறுதியைத்தான். இந்த உறுதியைக் கண்டுபிடித்துக் காப்பாற்றி வந்தவர் குடையின் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

மயிலாப்பூரில் இன்னொரு வாரும் உண்டு. மார்கழி மாதக் கச்சேரிகளில் மிருதங்கம் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மிருதங்கத்தின் இரண்டு முகங்களிலும் பசுத் தோலும் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் இருக்கின்றன. இரண்டு முகங்களையும் இழுத்துக் கட்டுவது எருமைத் தோலில் அறுத்த வார். நாதம் அந்த இழுப்பில் இருக்கிறது. செத்த மாட்டின் தோலைத் தேர்ந்து, அலசி, காயவைத்து, வார் அறுத்து, சுருதி சேர்த்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். வித்வானின் பெயர் உலகத்துக்குத் தெரியும். பாலக்காடு மணி ஐயரின் பெயரை அறியாத சங்கீத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

இந்தக் கைகளைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா தரமணியில் ஆசியப் பத்திரிகைக் கல்லூரியில் நடந்தது. மேடையில் தோலுக்கு இடம் உண்டு. தோலை இழுத்துக் கட்டியவனைப் பற்றிய பேச்சுக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஆவாரம்பட்டையும் அடையாறும்

பச்சைத் தோல் இரண்டு நாளில் நாறும். அதை அழுகாத தோலாக மாற்றுவதுதான் பதனிடுதல். நம் நாட்டு முறை என்ன? சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரை நீக்குவது. உட்புறத்துச் சதையைக் கத்தியால் சீவுவது. கரட்டு நிலத்தில் வளரும் ஆவாரையின் பட்டையை இடித்து அந்தச் சாற்றில் ஊறப் போடுவது. பிறகு கடுக்காய்ச் சாறு. கடைசியில் எண்ணெய் தடவிக் காயவைப்பது. வாரக்கணக்கில் ஆகும். நாற்றத்திலும் ஈரத்திலும் முழங்கால் அளவு குழியில் நின்று செய்த வேலை.

இந்தத் தோலுக்கு "ஈஸ்ட் இந்தியா தோல்" என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாக இதைத்தான் யுத்த இலாகா வாங்கிக் குவித்தது. நம் ஆவாரம்பட்டைக் குழியில் நின்றவனின் உழைப்பை மாட்டிக்கொண்டு ஏகாதிபத்தியம் யுத்தம் நடத்தியது. குழியில் நின்றவன் வெறுங்காலுடன் நின்றான்.

பிறகு குரோம் உப்பால் பதனிடும் முறை வந்தது. 1903-ல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அவர் முதலில் குறிவைத்த பொருள்களில் ஒன்று நம்முடைய கமலைப் பைதான்! தண்ணீரில் ஊறினாலும் குரோம் தோல் சீக்கிரம் அழுகாது என்பதே காரணம். பல்லாவரத்தை ஒட்டி எழுந்த குரோம் தோல் தொழிற்சாலை ஒரு ஊருக்கே பெயர் கொடுத்தது. குரோம்பேட்டையில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் இறங்குவது தோல் தொழிலாளியின் வியர்வையில் பெயர் எழுதிய ஊர் என்று?

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1948 ஏப்ரலில், அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1958 முதல் 1971 வரை அதன் டைரக்டராக இருந்தவர் டாக்டர் ஒய். நாயுடம்மா. குண்டூர் ஜில்லாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தோல் என்றால் மேல்சாதிக்காரர் மூக்கைப் பொத்திய காலத்தில், தோல் படிப்பைத் தானே தேர்ந்து படித்து, ஊறல் குழிவரை விஞ்ஞானத்தை இறக்கிக் கொண்டு போனவர். 1985-ல் கனிஷ்கா விமானம் வெடித்துக் கடலில் விழுந்தபோது அதில் மாண்டார். தோலைத் தொடுவது இழிவல்ல, அது விஞ்ஞானம் என்று இந்த நாட்டுக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. தோலைத் தொட்ட விஞ்ஞானிக்கு மரியாதை வந்தது; நல்லது. தோலை விற்ற வியாபாரிக்கு மரியாதை வந்தது. தோல் பை மாட்டிய சீமாட்டிக்கு மரியாதை வந்தது. ஈஸ்ட் இந்தியா தோலுக்கே 2008-ல் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பும் வந்தது. எல்லோருக்கும் வந்த மரியாதை, முதலில் தோலைத் தொட்டவனுக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை?

கோலாப்பூர்ச் செருப்பு சொல்லும் பாடம்

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2025 ஜூனில் இத்தாலி நாட்டு மிலான் நகரத்தில், பிராடா என்ற பெரிய கம்பெனி தன் புதிய உடைகளைக் காட்டியது. நடந்து வந்தவர்களின் காலில் கிடந்த செருப்பைப் பார்த்து மகாராஷ்டிரத்துத் தோல் தொழிலாளிகள் திகைத்துப் போனார்கள். அது அச்சு அசலாக அவர்களுடைய கோலாப்பூர்ச் செருப்பு! கம்பெனி அதைத் "தோல் செருப்பு" என்று மட்டும் சொல்லியிருந்தது. எந்த நாடு, எந்த ஊர், யார் கண்டுபிடித்தது, ஒரு வார்த்தை இல்லை. அந்தச் செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கியிருந்தும் இந்தக் கதி.

எதிர்ப்புக் கிளம்பியது. கம்பெனி இறங்கி வந்தது. இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், மகாராஷ்டிரா, கர்நாடகா மாநிலங்களின் அரசு சார்ந்த இரண்டு தோல் தொழில் கழகங்களோடு உடன்பாடு ஏற்பட்டது. இங்கேயே 2,000 ஜோடி செய்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பது என்பது திட்டம். கோலாப்பூர்ச் சந்தையில் அதே மாதிரிச் செருப்பு சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது.

இதில் நமக்கு இரண்டு பாடம். முதல் பாடம்: சத்தம் போடாமல் பெயர் கிடைக்காது. இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம்: பெயர் கிடைத்துவிட்டால் மட்டும் கூலி கிடைத்துவிடாது. 800 யூரோவில் குத்தூசி பிடித்தவனுக்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத உடன்பாடு, தலைப்பாகை கட்டிவிட்டு வயிற்றைக் காயப் போடுகிற உடன்பாடு.

கைவேலை என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது?

சென்னைக் கடையில் தொங்கும் கைவேலை அழகாக இருக்கிறது. இதே கைவேலை ஆம்பூரில் எப்படி இருக்கிறது? அங்கே செருப்பு, ஷூ கம்பெனிகளுக்காக மேல்தோலைக் கையால் தைப்பவர்களில் பலர் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள். இடைத்தரகர் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து போடுவார். திண்ணையில் உட்கார்ந்து ஊசி குத்தித் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. அந்த ஷூ கடல் கடந்து போய் ஆயிரக்கணக்கான ரூபாய் விலைக்கு விற்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எந்தக் கம்பெனியின் சம்பளப் பதிவேட்டிலும் இல்லை. பிராவிடண்ட் பண்ட் இல்லை. ஈ.எஸ்.ஐ. இல்லை. கண் மங்கினால், இடுப்பு விட்டுப் போனால், விரலில் ஊசி ஏறினால் சொந்தச் செலவு. கைவேலை என்பது வாங்குகிறவருக்குப் பெருமை. செய்கிறவருக்கு அது சட்டத்தின் கண்ணில் படாத வேலை.

வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளிதான், ஆலைத் தொழிலாளிக்குரிய பாதுகாப்பு அவருக்கும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-லேயே 177-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

தோலின் இன்னொரு பக்கம் பாலாறு. அதை விவசாயத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. நிலம் வைத்திருந்தவன் நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டான். அந்த நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவன் யாரிடம் மனுப் போடுவது? 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதே விவகாரத்தில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், இடையில் போன 28 வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2015 ஜனவரி 31-ம் தேதி விடியுமுன்னே ராணிப்பேட்டையில் நடந்ததை மறக்க முடியுமா? கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களைச் சேறு மூடியது. 10 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள்.

"நாங்கள் பட்டையில் பதனிட்ட தோலைத்தான் பயன்படுத்துகிறோம், குரோம் இல்லை" என்று கைவினைக் கடைக்காரர்கள் சொல்வதுண்டு. குரோமைவிடப் பட்டை சாது என்பது வாஸ்தவம். ஆனால் பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவுகிற உப்பு இரண்டு முறைக்கும் பொது. அந்த உப்பும் சுண்ணாம்பும் எங்கேயோ ஓடித்தான் ஆக வேண்டும். எந்த நிலத்தில் ஓடுகிறது, எந்தக் கிணற்றில் இறங்குகிறது என்று சொல்லாதவரை "இயற்கை" என்று சீட்டில் எழுதுவது பாதி உண்மை.

நம்முடைய பங்கு என்ன?

இதுவரை மற்றவர்களைக் குறை சொன்னோம். இனி நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். அப்படிப் பார்க்காவிட்டால் இந்தக் கட்டுரை எழுதிப் பயனில்லை.

தும்பி தைத்தவனைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்தியது பண்ணையார் மட்டுமா? கூடக் கூலிக்கு வந்த நாமும் அல்லவா தள்ளி நின்றோம்? ஆலையில் ஒரே வாரின் கீழே வேலை செய்தவர்கள், டீக்கடையில் தனித்தனி டம்ளரில் குடித்தோமே, அதை எந்த முதலாளி உத்தரவு போட்டான்?

இதனால் நஷ்டம் யாருக்கு? சரித்திரத்தைப் பாருங்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டிலேயே முதன்முதலாக அமைந்த முறையான தொழிற்சங்கங்களில் அது ஒன்று. மூன்றே வருஷத்தில், 1921-ல், பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம். சாதி இந்துத் தொழிலாளிகளும் முஸ்லிம் தொழிலாளிகளும் ஒரு பக்கம். ஆதிதிராவிடத் தொழிலாளிகள் இன்னொரு பக்கம். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் நடந்த போராட்டம் தோற்றது. பிளவைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் நிர்வாகமும் சர்க்காரும்தான். ஆனால் பிளவு ஏற்கெனவே இருந்தது. ஏனென்றால் அதை நாமே வீட்டில் வளர்த்து வைத்திருந்தோம்.

தீண்டாமை பழைய காலத்துச் சங்கதி என்று யாரும் சொல்ல வேண்டாம். 2016 ஜூலையில் குஜராத்தில், உனா வட்டாரத்தில், செத்த பசுவின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களை அரை நிர்வாணமாக்கிக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். தோல் உரிப்பது அவர்கள் தலையில் இந்தச் சமுதாயமே கட்டிவிட்ட வேலை. அதைச் செய்தால் அடி, செய்யாவிட்டாலும் அடி. அங்கே மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செத்த மாடுகளைக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போட்டார்கள். "இனி நீங்களே அகற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். நாடு முழுவதும் அந்த நாற்றத்தில் விழித்துக்கொண்டது. அந்தக் கை நின்றால் என்ன ஆகும் என்பது அன்று தெரிந்தது.

என்ன கேட்கிறோம்?

கைவினையை நாம் எதிர்க்கவில்லை. பழைய முறையில் பை தைக்கக் கற்றுக்கொண்டு உழைக்கிற இளைஞர்களையும் பெண்களையும் எதிர்க்கவில்லை. எந்தச் சாதிக்காரரும் தோலைத் தொடலாம், தொட வேண்டும். அது நல்ல காரியம். பத்து மாதத்தில் கிழிந்து குப்பைக்குப் போகும் ரெக்சின் பையைவிட, இருபது வருஷம் உழைக்கும் தோல் பை நாட்டுக்கு லாபம். நாம் கேட்பது வேறு.

முதலாவது, பெயர். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் பெயரையும் படத்தையும் சேர்த்து விற்றுக் காட்டியிருக்கிறது. சேலைக்கு முடிந்தது பைக்கும் வாருக்கும் ஏன் முடியாது? தைத்தவர் யார், எந்த ஊர், எத்தனை மணி நேர வேலை, அதற்கு அவர் வாங்கிய கூலி எவ்வளவு, இவ்வளவையும் சீட்டில் போடட்டும். கைவேலை என்று சொல்லி விலை வாங்குகிறவர், கைக்குக் கொடுத்ததைச் சொல்லக் கூசுவானேன்?

இரண்டாவது, கூலி. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவரின் ஒரு நாள் வருமானம், அந்த வேலைக்குச் சட்டப்படி உள்ள குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது. வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணின் பெயர் கம்பெனியின் பதிவேட்டில் ஏற வேண்டும். 177-வது உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

மூன்றாவது, அறிவு. அடையாற்று ஆராய்ச்சி நிலையம் மக்கள் பணத்தில் நடக்கிறது. மயிலாப்பூர் குளக்கரையிலிருந்து அது கூப்பிடு தூரம். நடைபாதைக் கைவினைஞருக்கும் ஆம்பூர்ப் பெண்ணுக்கும் அதன் கதவு அகலமாகத் திறக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் கூலி இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் வயிற்றைக் கட்டிக்கொண்டு யார் படிப்பார்கள்? படித்தவர்கள் சேர்ந்து கூட்டுறவு சங்கம் அமைத்தால், தியாகராய நகரில் அவர்கள் சரக்கை விற்க சர்க்கார் இடம் தரட்டும்.

நான்காவது, உயிர். கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் தொழிலாளியைப் படுக்க வைக்கும் ஏற்பாடு ஒழிய வேண்டும். பாலாற்றுப் படுகையில் பாழான நிலத்துக்கு நஷ்டஈடு பேசும்போது, அந்த நிலத்தில் வேலை இழந்த கூலிக்காரனின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் தோல் தொழிலாளி மட்டும் தனியாக நின்று கேட்டால் கிடைக்காது. அவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் நடைபாதையில், ஒருவர் திண்ணையில், ஒருவர் குழியில். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. இந்தக் கோரிக்கைகளை நம் சங்க மேடைகளில் நம்முடைய கோரிக்கைகளாகவே எழுப்ப வேண்டும். இதைத் தயவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் தைத்த தும்பியில் நம் வயல் நனைந்தது. அவர்கள் அறுத்த வாரில் நம் ஆலை ஓடியது. இது பழைய கடன்.

அந்தப் பெரியவர் தைத்துக் கொடுத்த வார் இன்னும் என் தோளில் இருக்கிறது. இரண்டு ஊசித் தையல். ஒரு கண்ணிகூட விடவில்லை. ஒரே துளையில் இரண்டு ஊசியும் எதிரெதிராக வந்து சந்திப்பதால்தான் அந்தத் தையல் பிரிவதில்லை என்று சொன்னேன் அல்லவா? சங்கம் என்பதும் அதுதான்.